கேஷ்பேக் 90 நாள் கழித்து வருமாம்... நம்பி வாங்கலாமா? எப்போது லாபம், எப்போது நஷ்டம்?

பண்டிகை நெருங்கினால் போதும், செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இருந்து செல்போன் திரை வரை ஆஃபர் விளம்பரங்கள்தான். 'ஏசி வாங்கினால் ரூ.3,000 கேஷ்பேக்', 'இந்த வங்கியின் கார்டு இருந்தால் 10 சதவீதம் திரும்பக் கிடைக்கும்', 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே ஒரு சின்ன நட்சத்திரக் குறியும் இருக்கும். அந்த நட்சத்திரத்துக்கான விளக்கத்தைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

கடைக்காரரும் "மூவாயிரம் உங்களுக்கு மிச்சம் சார்" என்பார். ஆனால் பில்லில் முழு விலைதான் இருக்கும். அந்த மூவாயிரம் 90 நாளோ 120 நாளோ கழித்துத்தான் வரும். அதுவும் சில நிபந்தனைகளைச் சரியாக நிறைவேற்றினால் மட்டும்.

பிறகு வரப்போகும் இந்தப் பணத்தை நம்பி ஒரு பொருளை வாங்கலாமா? இதில் யாருக்கு லாபம்? பணம் வராமல் போனால் எங்கே கேட்பது? விரிவாகப் பார்க்கலாம்.

எல்லா கேஷ்பேக்கும் ஒன்றா?

இல்லை. 'ஆஃபர்' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு விதமான சலுகைகள் இருக்கின்றன. முதலில் இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலாவது, உடனடித் தள்ளுபடி. பணம் கட்டும்போதே தொகை குறைந்துவிடும். ரூ.40,000 பொருளுக்கு ரூ.38,000 மட்டும் கட்டுவீர்கள். இதில் காத்திருக்க வேண்டிய வேலையே இல்லை.

இரண்டாவது, கார்டு கணக்கில் தானாக வரவு வைக்கப்படும் கேஷ்பேக். முழுத் தொகையையும் கட்ட வேண்டும். வங்கி சொன்ன நாளுக்குள் உங்கள் கார்டு ஸ்டேட்மென்ட்டில் பணம் வரவாகும். நீங்கள் தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை.

மூன்றாவது, நீங்களே பதிவு செய்து வாங்க வேண்டிய கேஷ்பேக். பொருளின் சீரியல் எண், பில்லின் படம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் குறிப்பிட்ட தேதிக்குள் நிறுவனத்தின் இணையதளத்திலோ செயலியிலோ பதிவேற்ற வேண்டும். ஒரு தேதியைத் தவறவிட்டாலும் பணம் கிடையாது.

நான்காவது, பணமாகவே வராத கேஷ்பேக். செயலிக்குள் 'காயின்', 'பாயின்ட்', வவுச்சர் என்று வரும். அதே செயலியில், சில நாட்களுக்குள் செலவழித்தால்தான் உண்டு.

முதல் வகையில் இருந்து கீழே போகப் போக, பணம் உங்கள் கைக்கு வரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஆனால் விளம்பரத்தில் நான்குக்கும் ஒரே அளவு எழுத்துதான்.

அமெரிக்காவில் தபாலில் நடந்த அதே கதை

பிறகு பணம் தரும் இந்த முறை புதியதல்ல. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக 'மெயில் இன் ரிபேட்' என்ற பெயரில் இது நடந்து வருகிறது. கம்ப்யூட்டர் உதிரிபாகமோ பிரிண்டரோ வாங்கியவர், அட்டைப்பெட்டியில் இருக்கும் பார்கோடை வெட்டி எடுக்க வேண்டும். அதை அசல் பில்லோடும் பூர்த்தி செய்த படிவத்தோடும் சேர்த்து தபாலில் அனுப்ப வேண்டும். பல வாரங்கள் கழித்து வீட்டுக்கு ஒரு காசோலை வரும்.

இதில் பலர் படிவத்தையே அனுப்ப மாட்டார்கள். சிலர் அனுப்பியும் ஏதோ ஒரு தாள் குறைந்ததால் நிராகரிக்கப்படும். இன்னும் சிலர் வந்த காசோலையை வங்கியில் போடவே மறந்துவிடுவார்கள். இப்படி வாடிக்கையாளர் வாங்காமல் விடும் தொகைக்கு அந்த வணிகத்தில் 'பிரேக்கேஜ்' என்று தனிப் பெயரே உண்டு. எவ்வளவு பேர் மறப்பார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தே சலுகையின் அளவை முடிவு செய்ய முடியும்.

புகார்கள் பெருகியதால், 2005ஆம் ஆண்டில் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 'கம்ப்யூஎஸ்ஏ' என்ற கடைத் தொடர் மீது நடவடிக்கை எடுத்தது. திவாலான ஒரு தயாரிப்பு நிறுவனம் தராமல் விட்ட ரிபேட் தொகையை, அந்தப் பொருளை விற்ற கடையே தர வேண்டும் என்று சமரசத்தில் முடிவானது. அதே ஆண்டில் 'பெஸ்ட் பை' என்ற பெரிய கடைத் தொடர், தபால் ரிபேட்டைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக அறிவித்தது.

இந்தியாவில் தபாலும் காசோலையும் இல்லை. அந்த இடத்தில் செயலியும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் வந்திருக்கின்றன. முழு விலையை இன்று வாங்கிக்கொண்டு, சலுகையை நாளைக்குத் தள்ளி வைக்கும் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

நேரடியாகவே விலையைக் குறைத்தால் என்ன?

நியாயமான கேள்விதான். ஆனால் நிறுவனங்களுக்குக் கேஷ்பேக் பிடிக்க பல காரணங்கள் உண்டு.

விலையை ஒரு முறை குறைத்துவிட்டால் மறுபடி ஏற்றுவது கஷ்டம். கேஷ்பேக் என்றால் பண்டிகை முடிந்ததும் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம். பொருளின் விலை அதே இடத்தில் நிற்கும்.

அடுத்தது, காத்திருப்பு. ஒரு லட்சம் பேருக்கு தலா ரூ.3,000 தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூ.30 கோடி. அது மூன்று, நான்கு மாதங்கள் நிறுவனத்திடமே இருக்கும். உங்களுக்கு மூவாயிரத்துக்கான வட்டி பெரிய விஷயமாகத் தெரியாது, முப்பது கோடிக்கு அது பெரிய தொகை.

மூன்றாவது, மறதி. தள்ளுபடி கொடுத்தால் வாங்கிய எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும். கேஷ்பேக் என்றால் நிபந்தனைகளைத் தாண்டி வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். இதோடு உங்கள் செல்போன் எண், முகவரி, வாங்கும் பழக்கம் எல்லாம் பதிவாகிவிடும்.

இதெல்லாம் மோசடி என்று சொல்லிவிட முடியாது. சொன்ன தேதியில் சொன்ன தொகையைத் தரும் சலுகைகளும் இருக்கின்றன. ஆனால் கணக்குப் போடாமல் வாங்கினால், லாபம் உங்கள் பக்கம் நிற்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஓர் உதாரணம். ஒரே ஏசி, இரண்டு கடைகள்.

முதல் கடையில் விலை ரூ.40,000. கிரெடிட் கார்டில் ஆறு மாத நோ காஸ்ட் இஎம்ஐ எடுத்தால், 90 நாட்களில் ரூ.3,000 கேஷ்பேக். இரண்டாவது கடையில் ஆஃபர் எதுவும் இல்லை. பேரம் பேசினால் ரூ.38,000க்கு தருகிறார்கள், யுபிஐ-யில் கட்டிவிடலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் முதல் கடையில் ரூ.37,000தான். "ஆயிரம் ரூபாய் லாபம்" என்று தோன்றும். இப்போது நட்சத்திரக் குறிக்குள் இருப்பதைக் கணக்கில் சேர்ப்போம்.

இஎம்ஐ-க்கு வங்கி ரூ.199 செயல்பாட்டுக் கட்டணம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி-யோடு சேர்த்து சுமார் ரூ.235.

அடுத்து வட்டி. நோ காஸ்ட் இஎம்ஐ-யிலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டிக்கு ஈடான தொகையை விற்பவர் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார். அதனால்தான் உங்களுக்கு வட்டி இல்லாதது போலத் தெரிகிறது. ஆனால் கிரெடிட் கார்டு இஎம்ஐ வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதை நீங்கள்தான் கட்டுவீர்கள். ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று கொண்டால், ஆறு மாதத்துக்கான வட்டி சுமார் ரூ.1,693. அதற்கான ஜிஎஸ்டி ரூ.305.

ஆக, கூடுதல் செலவு ரூ.540. எல்லாம் சரியாக நடந்து கேஷ்பேக்கும் வந்துவிட்டால், முதல் கடையில் உங்களுக்கு ஆன மொத்தச் செலவு ரூ.37,540. இரண்டாவது கடையை விட லாபம் ரூ.460 மட்டும். அந்தக் கடையில் இன்னும் ஐந்நூறு ரூபாய் பேசிக் குறைத்திருந்தால் அந்த லாபமும் இருக்காது.

கேஷ்பேக் வராமல் போனால்? உங்கள் செலவு ரூ.40,540. இரண்டாவது கடையை விட ரூ.2,540 அதிகம்.

இதை இப்படிப் பாருங்கள். இதே மாதிரி ஆறு முறை வாங்குகிறீர்கள். ஐந்து முறை கேஷ்பேக் சரியாக வந்தால் மொத்த லாபம் ரூ.2,300. ஒரே ஒரு முறை தவறினால் நஷ்டம் ரூ.2,540. ஐந்து முறை கிடைத்ததை அந்த ஒரு முறை தின்றுவிடும்.

எங்கே கோட்டை விடுகிறோம்?

கேஷ்பேக் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் சின்னச் சின்ன நிபந்தனைகள்தான் காரணம். அடிக்கடி சிக்கிக்கொள்ளும் இடங்கள் இவை:

• '10 சதவீத கேஷ்பேக்' என்று இருக்கும், அதிகபட்சம் ரூ.1,500 என்று கீழே இருக்கும். ரூ.40,000க்கு நாலாயிரம் வரும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

• குறைந்தபட்சத் தொகை ஒரே பரிவர்த்தனையில் இருக்க வேண்டும். கொஞ்சம் ரொக்கம், கொஞ்சம் கார்டு என்று பிரித்துக் கட்டினால் தகுதி போய்விடலாம்.

• ஒரு கார்டுக்கு ஒரு முறைதான். அதே கார்டில் வீட்டில் இன்னொருவர் ஏற்கெனவே வாங்கியிருந்தால் இரண்டாவது முறைக்குக் கிடைக்காது.

• '90 வேலை நாட்கள்' என்பது மூன்று மாதம் இல்லை. வாரத்துக்கு ஐந்து வேலை நாள் என்று கணக்கிட்டால் 18 வாரம், அதாவது நான்கு மாதத்துக்கு மேல். விடுமுறைகள் வந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

• இஎம்ஐ-யை முன்கூட்டியே முடித்தாலோ, பொருளைத் திருப்பிக் கொடுத்தாலோ கேஷ்பேக் ரத்தாகலாம். ஏற்கெனவே வந்திருந்தாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம்.

• பணம் வரும் நாளில் அந்தக் கார்டு செயல்பாட்டில் இருக்க வேண்டும், பாக்கி எதுவும் இருக்கக் கூடாது.

இதில் கடைசி நிபந்தனையைக் கொஞ்சம் கவனியுங்கள். பல கிரெடிட் கார்டுகளில் பாக்கித் தொகைக்கு மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி உண்டு. வெறும் ரூ.10,000 பாக்கி வைத்தாலே, மாதம் 3.5 சதவீத வட்டியும் ஜிஎஸ்டி-யும் சேர்த்து ரூ.413 ஆகிவிடும். நாம் மேலே பார்த்த ரூ.460 லாபத்தில் பெரும்பகுதி ஒரே மாதத்தில் கரைந்துவிடும். 'மினிமம் டியூ' மட்டும் கட்டிவிட்டு இருப்பவர்களுக்கு எந்தக் கேஷ்பேக்கும் லாபம் தராது.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றி ரிசர்வ் வங்கி என்ன சொல்கிறது?

பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டியை செயல்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாடிக்கையாளரிடம் வாங்குவதாகவும் அப்போதே சுட்டிக்காட்டியது.

கிரெடிட் கார்டுகள் குறித்து 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இன்னும் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இஎம்ஐ-யாக மாற்றும் முன், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அதை ஈடுகட்டத் தரப்படும் தள்ளுபடி எவ்வளவு என்பதைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஸ்டேட்மென்ட்டிலும் அது தனியாக வர வேண்டும். வட்டி உள்ள இஎம்ஐ-யை வட்டி இல்லாதது போல மறைத்துக் காட்டக் கூடாது.

அதனால், கடையில் கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்று எண்களையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, சங்கடப்பட ஒன்றுமில்லை.

விளம்பரத்தில் ஒன்று, கையில் ஒன்று: சட்டம் என்ன சொல்கிறது?

'நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019' தவறான விளம்பரங்களுக்குத் தண்டனை விதிக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை ரூ.10 லட்சம் வரையும், அடுத்தடுத்த முறைகளில் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் போடலாம்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம், ராபிடோ நிறுவனத்தின் மீதான நடவடிக்கை. ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வராவிட்டால் 50 ரூபாய் தருவோம் என்று அந்த நிறுவனம் விளம்பரம் செய்தது. ஆணையம் விசாரித்தபோது, அது 50 ரூபாய் பணமே இல்லை, '50 வரை' ராபிடோ காயின்கள் என்று தெரிந்தது. அந்தக் காயின்களை பைக் பயணத்துக்கு மட்டும் பயன்படுத்த முடியும், ஏழு நாளில் காலாவதியாகிவிடும். 2025 ஆகஸ்டில் ஆணையம் ரூ.10 லட்சம் அபராதம் விதித்தது. சொன்னபடி பணம் கிடைக்காத வாடிக்கையாளர்களுக்கு முழுத் தொகையையும் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. மேலே சொன்ன நான்காவது வகைக் கேஷ்பேக் இதுதான்.

2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிமுறைகளில் நமக்கு உதவும் விதி ஒன்று இருக்கிறது. விளம்பரத்தில் சொல்லும் வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ, நிபந்தனைகளும் அதே மொழியில் இருக்க வேண்டும். எழுத்துருவும் அதேதான். சலுகையைத் தமிழில் பெரிதாகப் போட்டுவிட்டு, நிபந்தனைகளை மட்டும் ஆங்கிலத்தில் எறும்பு அளவு எழுத்தில் போடுவது இந்த விதிக்கு முரணானது.

சரி, அப்போ வாங்கலாமா வேண்டாமா?

முதலில் ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்தக் கேஷ்பேக் வராவிட்டாலும், இந்த விலைக்கு இதை வாங்குவேனா?" ஆமாம் என்றால் தாராளமாக வாங்கலாம். பிறகு வரும் பணம் கூடுதல் சந்தோஷம். இல்லை என்றால், வராத பணத்தை நம்பி வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

ஒப்பிடும்போது ஓர் எளிய வழி உதவும். உடனடித் தள்ளுபடியை முழுதாகக் கழியுங்கள். கார்டில் தானாக வரும் கேஷ்பேக்கில் கட்டணங்களையும் ஜிஎஸ்டி-யையும் கழித்துவிட்டு மீதியைச் சேருங்கள். நீங்களே பதிவு செய்து வாங்க வேண்டியது என்றால் பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள். காயின், வவுச்சர் எல்லாவற்றையும் பூஜ்யம் என்றே வையுங்கள். இதற்குப் பிறகும் அந்தக் கடைதான் மலிவு என்றால், அது உண்மையான ஆஃபர்.

எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், வாங்கும் அன்றே இவற்றைச் செய்துவிடுங்கள்:

• நிபந்தனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆஃபர் முடிந்ததும் அந்தப் பக்கமே காணாமல் போகலாம்.

• பில், கார்டு சீட்டு, சீரியல் எண் மூன்றையும் போட்டோ எடுங்கள். கார்டு சீட்டில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்.

• பணம் வரும் வரை அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். சீரியல் எண் ஸ்டிக்கரும் பார்கோடும் அதில்தான் இருக்கும்.

• பதிவு செய்ய வேண்டும் என்றால் அன்று இரவே செய்யுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் மறந்துபோகும்.

• பணம் வர வேண்டிய தேதியை செல்போன் காலண்டரில் குறித்து வையுங்கள்.

• கடைக்காரர் வாயால் சொல்வதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். "நான் கேரண்டி சார்" என்பதற்கு நாளை சாட்சி இருக்காது.

இன்னொரு எச்சரிக்கை. "உங்கள் கேஷ்பேக் வந்துவிட்டது, பெற யுபிஐ பின் போடுங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு பின் எண் தேவையே இல்லை, பணம் போவதற்குத்தான் அது வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

சொன்ன தேதிக்குள் பணம் வரவில்லையா?

கேஷ்பேக் தருவதாகச் சொன்னது யார் என்பதை முதலில் பாருங்கள். வங்கி என்றால், வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவிக்கு 14448.

தயாரிப்பு நிறுவனமோ கடையோ தருவதாகச் சொல்லியிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலும் பேசலாம். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

அப்படியும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஆனால் பிரச்சனை எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். ஆன்லைனிலும் பதிவு செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை.

இத்தனைக்கும் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். பில்லும், நிபந்தனைகளின் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த முறை கடையில் "மூவாயிரம் மிச்சம்" என்று சொன்னால், "அதைப் பில்லிலேயே குறைத்துத் தர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முழுதாகக் குறைக்காவிட்டாலும் ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ குறைப்பார்கள். 90 நாள் காத்திருந்து வரும் மூவாயிரத்தை விட, இன்றே பில்லில் குறையும் ஆயிரத்து ஐந்நூறு பல நேரங்களில் நல்ல பேரம்.